அடிபட்ட சினைக்குதிரையை மீட்டால்: மருத்துவமனையா லாயமா, அறுவையா காத்திருப்பா?

மீட்கப்பட்டு வந்த பெண்குதிரையின் காலில் ஆழமான கிழிசல், வயிற்றில் குட்டி. எல்லோர் கண்ணும் முதலில் காயத்தின் மேல்தான் விழும். தையலா, கட்டா, எக்ஸ்ரேயா என்று பேச்சு அங்கேயே சுற்றும். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: சினை எத்தனை மாதம்? ஒரே ஆழத்தில் ஒரே இடத்தில் பட்ட காயத்துக்கு மூன்றாம் மாதத்தில் ஒரு முடிவு சரி, ஏழாம் மாதத்தில் இன்னொன்று, பத்தாம் மாதத்தில் முற்றிலும் வேறொன்று. அதனால் இங்கே ஒவ்வொரு வழியையும் சினையின் காலத்தோடு சேர்த்தே எடைபோடுகிறோம்.

குதிரையின் சினைக்காலம் சராசரியாக 340 நாள். 320 முதல் 365 வரை எங்கேயும் முடியலாம். மீட்ட குதிரைக்கு இணைசேர்ந்த தேதி தெரியாது என்பதால் மலக்குடல் வழியாகவும் வயிற்றின் மேலிருந்தும் ஸ்கேன் எடுத்துத்தான் மாதத்தைக் கணிக்க முடியும். குட்டியின் கண் குழியின் அளவு இதற்கு நல்ல அடையாளம். ஸ்கேன் எடுக்கும்போதே கருப்பையும் நஞ்சுக்கொடியும் சேர்ந்த தடிப்பை அளந்துவிடச் சொல்லுங்கள். மலக்குடல் வழி ஸ்கேனில் 271 முதல் 300 நாள் வரை அது 8 மில்லிமீட்டருக்குள்ளும், 330 நாள் வரை 10 மில்லிமீட்டருக்குள்ளும், அதன்பின் 12 மில்லிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். மீறினால் நஞ்சுக்கொடி அழற்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காயத்தோடு இதுவும் சேர்ந்தால் நீங்கள் வைத்திருக்கும் திட்டம் முழுதும் மாறும்.

முதல் நான்கு மாதம் வரை கர்ப்பத்தைத் தாங்குவது பெரும்பாலும் சினைப்பையில் உள்ள மஞ்சள் உடலங்கள் சுரக்கும் புரோஜெஸ்டிரோன். காயத்தில் சீழ் கட்டி நச்சு ரத்தத்தில் கலந்தால் உடல் புரோஸ்டாகிளாண்டினைச் சுரக்கும். அது மஞ்சள் உடலத்தைக் கரைத்துவிடும், கரு போய்விடும். முதல் இரண்டு, மூன்று மாதங்களில் இந்த ஆபத்து மிக அதிகம். நான்கு மாதத்துக்குப் பின் நஞ்சுக்கொடியே அந்த வேலையை எடுத்துக்கொள்வதால் நடு மாதங்கள் ஓரளவு உறுதியானவை. கடைசி இரண்டு, மூன்று மாதங்களில் குட்டி வேகமாக எடை போடும். அப்போது தாயின் கால்களுக்கும் நுரையீரலுக்கும் வயிற்றுத் தசைக்கும் ஒரே நேரத்தில் சுமை ஏறும்.

எந்த வழியானாலும் முதல் நாளில் செய்ய வேண்டியவை

காயத்தைக் கழுவுவதில் கணக்குத் தேவை. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு. 35 மி.லி. சிரிஞ்சில் 18 கேஜ் ஊசி மாட்டிப் பீய்ச்சினால் அழுக்கு வெளியேறப் போதுமான அழுத்தம் கிடைக்கும், திசுவும் கிழியாது. பொவிடோன் அயோடின் சேர்ப்பதானால் 10 சதவீதக் கரைசலில் 10 மி.லி. ஒரு லிட்டருக்குப் போதும். நீர்த்த தேநீர் நிறத்துக்கு வந்தால் சரி. அதைவிட அடர்த்தியாக ஊற்றினால் கிருமியோடு சேர்ந்து ஆறும் செல்களும் சாகும். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் திறந்த காயத்தில் வேண்டாம்.

தடுப்பூசி வரலாறு தெரியாத குதிரைக்கு டெட்டனஸ் டாக்சாய்டு கட்டாயம். ஆழமான, அழுக்கேறிய காயமானால் நச்சை உடனே முறிக்கும் ஆன்டிடாக்சினும் உடலில் வேறோர் இடத்தில் போடப்படும். ஆன்டிடாக்சின் குதிரைச் சீரத்தில் தயாராவது. அரிதாகச் சில வாரங்கள் கழித்துக் கடுமையான கல்லீரல் நோய் வரலாம், குட்டி ஈன்ற தாய்க்குதிரைகளில் இது பதிவாகியுள்ளது. டெட்டனஸ் அதைவிடக் கொடியது என்பதால் ஆழ்ந்த காயத்துக்கு ஆன்டிடாக்சின் பக்கமே தராசு சாயும். சுத்தமான சிராய்ப்புக்கு அது தேவையில்லை. டாக்சாய்டின் இரண்டாம் தவணையை நான்கு வாரம் கழித்துப் போடுங்கள். கடைசித் தவணை ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு அமைந்தால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு போய்ச்சேரும்.

இன்னொன்று, தனிமை. புதிதாக வந்த குதிரையை மற்றச் சினைக்குதிரைகளிடமிருந்து 3 முதல் 4 வாரம் பிரித்து வையுங்கள். குதிரை ஹெர்ப்பீஸ் வைரஸ் வகை 1 கருச்சிதைவு உண்டாக்கும். பயண அலைச்சலிலும் வலியிலும் உடலுக்குள் உறங்கிக் கிடந்த வைரஸ் விழித்துக்கொள்ளும்.

மருத்துவமனைக்கு ஏற்றுவதா, இருக்கும் இடத்திலேயே பார்ப்பதா

சில காயங்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. மூட்டுக்கோ தசைநாண் உறைக்கோ அருகில் உள்ள ஓட்டை, எலும்பு முறிவு, காலைத் தரையில் ஊன்றவே முடியாத நிலை, மார்பிலோ வயிற்றிலோ உள்நோக்கிப் போன காயம், 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சலோடு சோர்வு: இவற்றில் எது இருந்தாலும் வண்டியைக் கூப்பிடுங்கள். மூட்டுக்குள் கிருமி போயிருந்தால் முதல் நாளுக்குள் கழுவியாக வேண்டும். தாமதம் ஆக ஆகக் குருத்தெலும்பு கரையும். மூட்டின் மேலுள்ள ஓட்டை சிறியதாக, ரத்தமே இல்லாமல் இருக்கும். அதனால்தான் ஏமாந்து போகிறார்கள். காயத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து மூட்டுக்குள் நுண்ணுயிர் நீக்கிய உப்புநீரை மருத்துவர் செலுத்தும்போது அது காயத்தின் வழியே கசிந்தால் சந்தேகம் தீர்ந்தது.

தோல் கிழிசல், ஆழமற்ற தசைக்காயம், குளம்புச் சீழ், பழைய சேணப்புண் ஆகியவற்றுக்கு லாயத்திலேயே வைத்துப் பார்ப்பது பெரும்பாலும் மேல். மருத்துவமனையில் கண்காணிப்பு அதிகம் என்பது உண்மை. அதே அளவு உண்மை, அங்கே புதுக் கிருமிகளும் பழக்கமில்லாத குதிரைகளும் உறக்கமற்ற இரவுகளும் உண்டு என்பது. கடைசி மாதங்களில் இதோடு ஒரு காரணம் கூடுகிறது. தாய் எந்த இடத்தில் வாழ்கிறதோ அந்த இடத்துக் கிருமிகளுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்தான் சீம்பாலில் சேரும். அது சேர நான்கு வாரமாவது வேண்டும். ஆகவே இடம் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் 300ஆம் நாளுக்குள் மாற்றிவிடுங்கள். 330ஆம் நாளில் ஒரு சிறு தையலுக்காக வேறிடம் கொண்டுபோய் அங்கேயே குட்டி ஈன விடுவது நல்ல பேரமல்ல.

ஏற்றும்போது திசை முக்கியம். முன்னங்காலில் அடியென்றால் குதிரை வண்டியின் பின்பக்கம் பார்த்து நிற்கட்டும், பின்னங்காலில் அடியென்றால் முன்பக்கம். பிரேக் போடும்போது வரும் பாரம் நல்ல கால்களில் விழும். சாய்ந்து நிற்கப் பக்கவாட்டில் தடுப்பு இருக்க வேண்டும். மயக்க ஊசியைக் கூடுதலாகப் போட்டு ஏற்றினால் மூன்று காலில் நிற்கும் குதிரைக்குத் தடுமாற்றம்தான் மிஞ்சும்.

அறுவை: இப்போதா, ஈன்ற பிறகா

முழு மயக்கத்தில் கிடத்தி அறுவை செய்ய வேண்டுமென்றால் நான்காம் மாதம் முதல் எட்டாம் மாதம் வரை உள்ள காலம் இருப்பதில் பாதுகாப்பானது. முதல் மூன்று மாதங்களில் மயக்க மருந்தைவிட அதைத் தொடரும் அழற்சியும் வலியுமே கருவுக்குப் பகை. கடைசி இரண்டு மாதங்களில் நிலைமை வேறு. மல்லாந்து கிடக்கும்போது கருப்பையின் எடை பெரிய ரத்தக் குழாய்களையும் உதரவிதானத்தையும் அழுத்தும். தாயின் ரத்த அழுத்தம் இறங்கினால் குட்டிக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். தாய் நலமாக எழுந்துவிட்டாலும், குட்டி அதன்பின் சில நாளில் கலைந்துபோகலாம்.

அதனால் கடைசிக் காலத்தில் நாங்கள் முதலில் எண்ணிப் பார்க்கும் வழி, நின்ற நிலையில் லேசான மயக்கமும் நரம்பு மரப்பு ஊசியும் கொடுத்துச் செய்யும் அறுவை. தையல், சீழ் வடிப்பு, செத்த திசுவை வெட்டி எடுத்தல், எலும்புச் சில்லு எடுத்தல் போன்ற பலவற்றை இப்படியே முடிக்கலாம். காத்திருந்தால் கெடாத எதையும் ஈன்ற பிறகு தள்ளிவையுங்கள். பழைய தசைநாண் தடிப்பு, வலி தராத எலும்புத் துருத்தல் ஆகியவை அந்த வகை. மூட்டுக் கிருமியும் செத்த எலும்பும் காத்திருக்காது. அவற்றைத் தள்ளிவைத்தால் தாயும் போகும், குட்டியும் போகும்.

முழங்காலுக்குக் கீழே பட்ட காயத்தைத் தைக்காமல் திறந்தே ஆற விடுவதும் ஒரு நியாயமான தேர்வு. ஆனால் அங்கே தோல் இறுக்கம், ரத்த ஓட்டம் குறைவு, அசைவு அதிகம். சிவந்த சதை தோலின் விளிம்பைத் தாண்டிப் பொங்கி வளரும், அதன் மேல் தோல் ஏறாது. சதை எழும்பினால் மருத்துவர் அதைத் தோல் மட்டத்துக்குச் சீவிவிடுவார். அதில் நரம்பு இல்லை, வலிக்காது, ரத்தம் மட்டும் நிறைய வரும். சுண்ணாம்பு, துத்தம் என்று எரிக்கும் பொருள்களைத் தடவுவது புதுத்தோலையும் சேர்த்தே எரிக்கும்.

கட்டுப் போடும்போது ஒட்டாத மருந்துத்துணி, அதன் மேல் 2 முதல் 3 செ.மீ. தடிப்பில் பஞ்சு, பிறகு காஸ், கடைசியில் இழுபட்டை என்ற வரிசை. பஞ்சு மெலிந்தால் பட்டை தசைநாணை இறுக்கும். இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றவும், நனைந்தால் அன்றே.

கட்டிவைத்த ஓய்வா, சிறு பட்டியில் நடமாட்டமா

அடிபட்ட சினைக்குதிரை விஷயத்தில் அதிகம் தவறுவது இங்கேதான். சாதாரணக் குதிரைக்கு “முழு ஓய்வு, ஆறு வாரம்” என்று எழுதிக்கொடுப்பதைச் சினைக்குதிரைக்கும் அப்படியே பின்பற்றுகிறார்கள். லாயத்திலேயே நிற்கும் குதிரைக்குக் குடல் அசைவு மந்தமாகும், தண்ணீர் குடிப்பது குறையும், சாணம் இறுகி வயிற்றுவலி வரும். குட்டி ஏற்கெனவே குடலை நெருக்கிக்கொண்டிருக்கிறது. அடிவயிற்றிலும் கால்களிலும் நீர் கோக்கும். எல்லாவற்றையும்விட மோசமானது, அடிபடாத கால் இரவும் பகலும் முழு எடையையும் தாங்கி அதன் குளம்பில் லேமினைட்டிஸ் (குளம்பையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் திசுவின் அழற்சி) வருவது. அப்படி வந்தால் முதல் காயத்தைவிட அதுவே உயிரைக் குடிக்கும்.

எலும்பு முறிவுக்கும், தையல் போட்ட மூட்டுப் பகுதிக்கும், தசைநாண் அறுந்ததற்கும் மட்டுமே கண்டிப்பான லாய ஓய்வு. மற்றவற்றுக்கு லாயத்தின் இரு மடங்கு அளவில் சமதரையான சிறு பட்டி, அல்லது கயிற்றில் பிடித்து ஒரு நாளைக்கு இரண்டு முறை பத்து நிமிட நடை. முழு மேய்ச்சல் நிலத்தில் விடுவது தையலைப் பிரிக்கும் வரை வேண்டாம். மந்தையில் விரட்டுப்படும் குதிரை வலியையும் மறந்து ஓடும்.

லாய ஓய்வு தவிர்க்க முடியாதென்றால் அறை 3.6 மீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது, ஈனும் காலம் நெருங்கினால் 4.2 மீட்டர் சதுரமாவது வேண்டும். 15 செ.மீ.க்குமேல் தடித்த படுக்கை. படுத்தால்தான் கால்களுக்கு ஓய்வு, எனவே படுக்கத் தயங்கும் தரை குணமாவதைத் தடுக்கும். மரச்சீவல் ஓய்வுக் காலத்துக்குச் சரி. ஈனும்போது வைக்கோலுக்கு மாறுங்கள், சீவல் ஈரமான குட்டியின் மூக்கிலும் தொப்புளிலும் ஒட்டும். அடிபடாத காலுக்கும் ஆதரவுக் கட்டும் குளம்படியில் மெத்தென்ற திண்டும் முதல் நாளே போடுங்கள். தினமும் காலையில் அந்தக் குளம்பின் சூட்டையும் குதிகால் அருகே துடிக்கும் நாடியையும் தொட்டுப் பாருங்கள்.

வலி மருந்து: கொடுப்பதா, பயந்து நிறுத்துவதா

“சினையாக இருக்கிறது, மருந்து வேண்டாம்” என்று வலியோடு நிறுத்திவைப்பது இரக்கமும் அல்ல, பாதுகாப்பும் அல்ல. தொடர் வலி தாயின் பசியைக் கொல்லும், அழற்சிப் பொருள்கள் கருப்பையைச் சுருங்கத் தூண்டும். மருந்துகளுக்குள் ஒப்பிடலாம்.

ஃப்ளூனிக்சின் கிலோவுக்கு 1.1 மி.கி. என்ற அளவில் நச்சு ரத்தத்தில் கலந்த நிலைகளில் முதல் தேர்வு. புரோஸ்டாகிளாண்டினை அடக்குவதால் சினையையும் ஓரளவு காக்கிறது. அதை ரத்தச் சிரையில் மட்டும் போடுங்கள் அல்லது வாய்வழி கொடுங்கள். தசையில் குத்தினால் அந்த இடத்தில் உயிரைப் பறிக்கும் கிளாஸ்ட்ரிடியம் அழுகல் வரக்கூடும். ஃபினைல்பியூட்டாசோன் எலும்பு, குளம்பு வலிக்குச் சிறப்பு. ஆனால் நஞ்சுக்கொடியைக் கடந்து குட்டிக்கும் போகும், மெலிந்து நீர் வற்றிய குதிரையின் சிறுநீரகத்தையும் பெருங்குடலையும் புண்ணாக்கும். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் குறைந்த அளவில், குறைந்த நாள்களுக்கு. வாரக்கணக்கில் வலி மருந்து தேவைப்பட்டால் ஃபைரோகாக்சிப் பக்கம் போவது குடலுக்கு நல்லது. இவற்றில் எந்த இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கக் கூடாது. தாகத்தோடு வந்த குதிரைக்கு முதலில் தண்ணீர், பிறகே மருந்து.

ஆன்டிபயாட்டிக்கில் பெனிசிலினும் டிரைமெத்தோபிரிம்-சல்ஃபாவும் சினையில் நீண்ட பழக்கம் உள்ளவை. என்ரோஃப்ளாக்சசின் குட்டியின் குருத்தெலும்புக்கு ஆகாது என்பதால் வேறு வழியே இல்லாதபோது மட்டும். கருச்சிதைவு பயம் இருந்தால் மருத்துவர் புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் ஆல்ட்ரெனோஜெஸ்ட் தரலாம். வழக்கமான அளவு கிலோவுக்கு 0.044 மி.கி., ஆபத்தான நிலையில் இரு மடங்கு. எண்ணெய்க் கரைசலான இது தோல் வழியே உடலுக்குள் போகும். கையுறை இல்லாமல் தொடவே கூடாது, கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மெலிந்து வந்திருந்தால் தீனி: தானியமா, புல்லா, குதிரைமசாலா

விலா எலும்பு தெரியும் சினைக்குதிரையைப் பார்த்ததும் வாளி நிறையத் தானியம் வைக்கக் கை நீளும். அதுதான் கொல்லும். பட்டினி கிடந்த உடலில் தானிய மாவுச்சத்து இன்சுலினை ஏற்றும். இன்சுலின் ரத்தத்திலுள்ள பாஸ்பேட், மெக்னீசியம், பொட்டாசியத்தைச் செல்களுக்குள் இழுத்துவிடும். மூன்று முதல் ஐந்து நாளில் இதயமும் மூச்சும் தடுமாறும். காய்ந்த புல் இன்சுலினைத் தூண்டாது, ஆனால் பருமன் அதிகம், சத்து குறைவு. காய்ந்த குதிரைமசாலில் (லூசர்ன் தீவனத்தில்) புரதமும் பாஸ்பரஸும் மெக்னீசியமும் உண்டு, மாவுச்சத்து குறைவு. அதனால் நல்ல தேர்வு அதுவே. முதல் மூன்று நாள் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோ. நான்காம் நாள் முதல் மெல்லக் கூட்டி, பத்தாம் நாளுக்குப் பின் விரும்பும் அளவு. தானியம் அதன்பிறகே.

பட்டினி இல்லாத, ஆனால் வலியால் தின்னாத சினைக்குதிரைக்கு வேறோர் ஆபத்து. உடற்கொழுப்பு கரைந்து ரத்தத்தில் வெள்ளமாக ஏறி ஈரலை அடைக்கும். மட்டக்குதிரையிலும் கழுதையிலும் இது அடிக்கடி வரும். ஒரு நாள் முழுக்கத் தீனி தொடாவிட்டால் ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் போனால் அது அவசர சிகிச்சை.

ஈனும் நேரம்: இயல்பாக விடுவதா, ஊசி போட்டு ஈனவைப்பதா, சிசேரியனா

அடிபட்ட கால்கள் தாங்காது என்று முன்கூட்டியே ஈனவைக்க ஆசை வரும். குதிரைக்குட்டியின் நுரையீரல் பிறப்புக்கு முந்தைய கடைசி நாள்களில்தான் முதிர்கிறது. 320 நாளுக்கு முன் பிறந்தது முதிராத குட்டி, பிழைப்பது கடினம். ஊசி போட வேண்டுமென்றால் 330 நாளாவது கடந்திருக்க வேண்டும், மடி நிறைந்திருக்க வேண்டும், மடிப்பாலில் கால்சியம் டெசிலிட்டருக்கு 40 மி.கி.யைத் தொட்டிருக்க வேண்டும். தேதி தெரியாத மீட்புக் குதிரையில் இந்த மூன்றில் முதலாவது எப்போதும் ஊகமே. ஆகவே இயல்பாக விட்டு இரவு பகலாகக் காவல் இருப்பதே எங்கள் தேர்வு. இரண்டு விதிவிலக்குகள் உண்டு. இடுப்பெலும்பு முறிந்து கூடியிருந்தால் பிறப்புப் பாதை குறுகியிருக்கும், அதை முன்பே அளந்து சிசேரியனைத் திட்டமிட வேண்டும். அடிவயிற்றுத் தசைநாண் கிழிந்தால் வயிறு தாழ்ந்து தொங்கும், மடி முன்னே நகரும், பாலில் ரத்தம் வரும். அப்போது வயிற்றுக்கு அகலக் கட்டுப் போட்டு, குட்டியை வெளியே எடுக்க ஆள்களோடு தயாராக இருங்கள். அந்தக் குதிரையால் முக்க முடியாது.

பனிக்குடம் உடைந்து 20 முதல் 30 நிமிடத்தில் குட்டி வெளியே வந்திருக்க வேண்டும். வெள்ளைப் படலத்துக்குப் பதில் சிவப்பு வெல்வெட் போன்ற பை தெரிந்தால் யாருக்கும் காத்திராமல் அங்கேயே கிழித்துக் குட்டியை இழுங்கள். நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து குட்டிக்கு ஆக்சிஜன் நின்றுவிட்டது என்று அதற்கு அர்த்தம். ஒரு மணி நேரத்தில் குட்டி நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். விழாத நஞ்சுக்கொடியைக் கையால் இழுக்காதீர்கள்.

தாயைக் காப்பதற்கும் குட்டியைக் காப்பதற்கும் இடையே

சில காயங்கள் ஆறாது. வளர்ந்த குதிரையின் தொடை எலும்பு முறிவு, குளம்பெலும்பு அடிப்பாதத்தைத் துளைத்து வெளிவந்த லேமினைட்டிஸ், எந்த மருந்துக்கும் அடங்காத வலி. 300ஆம் நாளில் இருக்கும் தாயை, குட்டிக்காக இன்னும் ஐந்து வாரம் அந்த வலியில் நிறுத்திவைக்க எந்த நியாயமும் இல்லை. குட்டியும் அந்த உடலில் நன்றாக வளராது. 330 நாளைக் கடந்து மடியும் தயாரானால் தாயைக் கருணைக்கொலை செய்யும் மயக்கத்திலேயே சிசேரியன் செய்து குட்டியைக் காக்க முயலலாம். சீம்பால், செவிலித்தாய், பால்மாவு எல்லாம் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

கருவைக் கலைப்பது மறுமுனை. 35 நாளுக்குள் ஒரே புரோஸ்டாகிளாண்டின் ஊசியில் முடியும். அதன்பின் பல ஊசிகள், நிச்சயமற்ற முடிவு. நடு மாதங்களைத் தாண்டினால் கலைப்பே கஷ்டப் பிரசவமாகி, ஏற்கெனவே அடிபட்ட தாயை இன்னும் சாய்க்கும். ஐந்தாம் மாதத்துக்குப் பின் நாங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை.

ஈன்ற பிறகு, தாயால் நிற்க முடிகிற காலமெல்லாம் குட்டியைத் தாயிடமே விடுங்கள். வாயில் புட்டி வைத்து மனிதர் வளர்த்த ஆண்குட்டி பெரிதானதும் மனிதர்மேல் பாயும். ஈனும் முன்பே நாள்கணக்கில் பால் ஒழுகியிருந்தால் சீம்பால் வீணாகியிருக்கும். அப்போது வேறு குதிரையின் சீம்பால் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் முதல் ஆறு மணி நேரத்துக்குள் சிறுகச் சிறுகப் போக வேண்டும். 18 முதல் 24 மணி நேரத்தில் குட்டியின் ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருள் டெசிலிட்டருக்கு 800 மி.கி.க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள், 400க்குக் கீழ் இருந்தால் பிளாஸ்மா ஏற்ற வேண்டும். தாயால் நிற்கவே முடியாதபோது செவிலித்தாய் முதல் தேர்வு, வாளியில் குடிக்கப் பழக்குவது அடுத்தது.

தள்ளிவைத்த அறுவையைக் குட்டிக்கு மூன்று, நான்கு வாரம் ஆனபின் செய்யலாம். அன்று குட்டியும் கூடவே வண்டியில் ஏற வேண்டும், மயக்கம் ஏறும் வரை தாயின் கண்ணெதிரே நிற்க வேண்டும். ஈன்ற ஏழாம் நாளிலிருந்தே தாய் மீண்டும் பருவத்துக்கு வரும் என்பதால் ஆண்குதிரை எட்டாத இடத்தில் வேலி இருக்கட்டும். காயம் ஆறி, உடலில் சதை திரும்பும் முன் அடுத்த சினை வரக் கூடாது.